அழுகல் பொறுக்கும் கைகள்

தமிழ்நாட்டில் தைலம் தடவி அழிவிலிருந்து காப்பாற்றப்பட்ட பொருள் எது என்று ஆவணங்களைக் கேட்டால் அவை முதலில் காட்டுவது ஏட்டைத்தான். பனையோலைச் சுவடியைப் பூச்சி அரிக்காமலும், ஓலை உலர்ந்து முறியாமலும் இருக்கப் புல்தைலம் தடவுவது நெடுநாள் வழக்கம். சுவடி நூலகங்களுக்குள் நுழைந்தவர்கள் அந்த மணத்தை மறக்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தபோது, கவிராயர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட ஏடுகளைக் கண்டார். அந்த வீட்டு ஆண்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். ஏட்டைக் காத்தவர்கள் என்று அவர்களை நன்றியோடு நினைக்கிறோம். நினைக்கவும் வேண்டும்.

அதே வீடுகளின் பின்கட்டில் காக்கப்பட்டவை வேறு. நெல், பயறு, புளி, மாங்காய், எலுமிச்சை, வாழைக்குலை. இவற்றை ஓர் ஆண்டுக்கோ, ஒரு மாதத்துக்கோ, பழமென்றால் நான்கு நாளுக்கோ கெடாமல் வைத்திருந்தவர்களின் பெயர் எந்தப் பதிப்புரையிலும் இல்லை. இன்று செடிகொடிகளிலிருந்து வடிக்கும் வாசனைத் தைலங்களைக் கொண்டு, பறித்த பழத்தைப் பல நாள் புதிதாக வைத்திருக்கும் முறைகள் ஆய்வுக்கூடங்களில் உருவாகியிருக்கின்றன. அதன் வரலாற்றைத் தாமிரபரணிக் கரையிலிருந்து எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். பழம் கெடுவது ஒரு வேதிவினை. கெடாமல் காப்பது ஓர் உழைப்பு. காத்ததால் கிடைக்கும் கூடுதல் நாட்கள் ஒரு சொத்து. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் எழுத்து நம்மிடம் அதிகமில்லை.

கன்னடியன் கால்வாய் பாயும் எங்கள் சேரன்மகாதேவிப் பக்கம் நெல் கொட்டி வைக்கும் மண் கொள்கலனைக் குலுக்கை என்போம். நெல்லுக்கு இடையிடையே நொச்சி இலையும் வேப்பிலையும் போடுவது பெண்கள் வேலை. பயறுப் பானைக்குள் ஒரு துண்டு வசம்பு கிடக்கும். பொழுது சாய்ந்தபின் அந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது. என் ஆச்சி அதைப் 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்லுவாள். பிள்ளைக்கு வயிற்று வலி வந்தால் சுட்டு உரசிக் கொடுப்பதால் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. பிள்ளையையும் பயற்றையும் ஒரே வேர் காத்தது. இரண்டும் ஒருத்தி பொறுப்பில் இருந்தன.

இந்த இடத்தில் நம் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு பேச்சை நான் நிறுத்திவிட வேண்டியிருக்கிறது. "நம் பாட்டிகளுக்கு எல்லாம் தெரியும், விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடிக்கிறது" என்ற பேச்சு. பாட்டிகளை மதிப்பதாகத் தோன்றினாலும், அது அவர்களை வேலை செய்து கற்றவர்களாகப் பார்க்காமல் பிறவி ஞானிகளாக்கிவிடுகிறது. ஆச்சி இலை போட்டது தானியத்துக்கு. வண்டு வராமல் இருக்க. பழத்துக்கு அவள் தைலம் எதுவும் தடவவில்லை. வாழைக்குலையை அவள் புகைமூட்டம் போட்டாள். அது பழுக்க வைக்கும் முறை; புகையில் உள்ள எத்திலீன் காயைச் சீக்கிரம் கனிய வைக்கும். நாளைக் கூட்டுவதற்கு நேர் எதிரான வேலை. வசம்பு விஷயத்திலும் கவனம் தேவை. அதன் தைலத்தில் இருக்கும் அசரோன் என்ற பொருள் சோதனை விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், 1968-ல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. பழைய அறிவையும் சோதித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழத்துக்குப் பெண்களிடம் இருந்த உண்மையான தொழில்நுட்பம் உப்பும் வெயிலும். எலுமிச்சை, நார்த்தை, மாவடு. நீரை வெளியே இழுக்கும் அளவுக்கு உப்பு, பூசணம் முளைக்க விடாத அளவுக்கு வெயில், காற்றுப் புகாத பரணி. இதைக் கைக்கணக்கில் வைத்திருந்தவர்கள் மீதே ஒரு பழியும் சுமத்தப்பட்டிருந்தது. தீட்டு நாளில் ஒருத்தி பரணியைத் தொட்டால் ஊறுகாயில் பூசணம் பூக்கும் என்பார்கள். நான் வயதுக்கு வந்த ஆண்டு முதல் திருமணமாகி வெளியூர் போகும்வரை மாதத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டுப் பரணி எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பரணி என்னை விட்டு எவ்வளவு தள்ளியிருந்தாலும், உப்புக் குறைந்தபோதும் ஈரக் கரண்டி பட்டபோதும் பூசணம் பூக்கத்தான் செய்தது. அப்போதெல்லாம் வீட்டிலிருந்த பெண்களில் யார் நாள் தவறி உள்ளே வந்தாள் என்ற விசாரணை நடக்கும். பூசணத்தின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது ஈரமும் ஒரு சிறு காயமும் மட்டுமே. இதை நான் கல்லூரியில் படித்தபோது எனக்கு வந்தது அறிவு கிடைத்த மகிழ்ச்சி மட்டுமில்லை. பல ஆண்டுக் குற்றச்சாட்டு ஒன்று தள்ளுபடியான நிம்மதியும்தான்.

பழம் அழுகுவதன் வரலாற்றைப் பெண்ணியம் பேச வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். காப்பது அவள் கடமை, கெட்டால் அவள் உடம்பு காரணம். நடுவில் இருந்த அறிவுக்கு மட்டும் உரிமை இல்லை.

பின்கட்டை விட்டு மலைக்குப் போவோம். ஏனென்றால் இன்று பழத்தில் தெளிக்கப்படும் தைலங்களில் முக்கியமான சில நம் மலைச் சரிவுகளோடு தொடர்புள்ளவை. 1796-ல் ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்காஸ் தீவுகளைப் பிடித்தார்கள். கிராம்பும் ஜாதிக்காயும் அதுவரை ஏறக்குறைய அந்தத் தீவுகளின் ஏகபோகம். கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் அங்கிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகளைக் கப்பலேற்றினார். அந்த அலையில்தான் குற்றாலத்திலும் கம்பெனி மசாலாத் தோட்டம் போட்டது. சாரலும் நிழலும் அந்தக் கன்றுகளுக்கு ஒத்துக்கொண்டன. குற்றால மலைத் தோட்டங்களில் கிராம்பும் ஜாதிக்காயும் மங்குஸ்தானும் இன்றும் விளைகின்றன. காலனிய ஆவணங்களில் கன்று எண்ணிக்கை உண்டு, செலவுக் கணக்கு உண்டு, துரைகளின் பெயர் உண்டு. கிராம்பு மொட்டு விரிவதற்கு முன்பு கைவிரலால் கிள்ளி எடுத்து, காம்பு நீக்கி, பாயில் உலர்த்த வேண்டிய பொருள். அந்த விரல்கள் யாருடையவை என்பது செலவுக் கணக்கில் 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

எலுமிச்சைப்புல்லின் கதை இன்னும் விரிவானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிச் சரிவுகளில் தானாக வளரும் புல் அது. திருவிதாங்கூர்ப் பக்கத்தில் அதை அறுத்துச் செம்புக் கலங்களில் வடித்த தைலம் 'கொச்சி எண்ணெய்' என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போனது. 1906-ல் கியூ தாவரவியல் தோட்டத்தின் இதழில் ஓட்டோ ஸ்டாஃப் இந்திய, இலங்கை எண்ணெய்ப் புற்களை வகைபிரித்து நீண்ட கட்டுரை எழுதினார். புல் மீது அறிவியலுக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் இருந்தது. 1893-ல் ஜெர்மனியில் டீமன், அந்தத் தைலத்தின் முக்கியச் சரக்கான சிட்ராலிலிருந்து அயனோன் என்ற பொருளைச் செய்து காட்டியிருந்தார். அதற்கு வயலட் பூவின் மணம். மலைச்சரிவில் புல் அறுத்தவர்களின் வியர்வை, பாரிஸ் சீமாட்டிகளின் கைக்குட்டையில் வயலட்டாக மணத்தது. நம் ஊர்ப் பழத்துக்கும் அந்தத் தைலத்துக்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. சுவடிக்குக் கொஞ்சம், கொசுவுக்குக் கொஞ்சம், மீதி கப்பலுக்கு.

முடிச்சு விழுந்தது கடலுக்கு அப்பால், கொழும்பை ஒட்டிய களனியில். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வாழைப்பழம் தாரில் இருக்கும்வரை ஒரு மாதிரி, சீப்பாக அறுத்தபின் வேறு மாதிரி. சீப்பை அறுத்த இடத்தில் ஒரு பச்சைக் காயம் உண்டாகிறது. அதன் வழியாகப் பூசணங்கள் நுழைந்து, சீப்பின் தலைப்பகுதி கறுத்து அழுகும். பழங்கள் ஒவ்வொன்றாகக் காம்பிலிருந்து கழன்று விழும். இதோடு தோலில் கரும்புள்ளிகளாகப் பரவும் ஆந்த்ராக்னோஸ் நோயும் சேர்ந்துகொள்ளும். தூரச் சந்தைக்குப் போகும் வாழைக்கு இவை இரண்டும்தான் பெரிய எதிரிகள். இதற்கு உலக வணிகம் கண்ட மருந்து செயற்கைப் பூசணக் கொல்லிகள். சீப்பைத் தொட்டியில் கழுவி, பெனோமில், தயாபெண்டசோல் போன்ற கரைசல்களில் நனைத்தோ தெளித்தோ பெட்டியில் அடுக்குவார்கள்.

அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார்? சிந்தியா என்லோ 1989-ல் வெளியிட்ட 'பனானாஸ், பீச்சஸ் அண்ட் பேஸஸ்' நூலில் இந்தக் கேள்வியைக் கேட்டார். மத்திய அமெரிக்க வாழைத் தோட்டம் என்றதும் அரிவாள் ஏந்திய ஆண் தொழிலாளிதான் எல்லார் நினைவுக்கும் வருவான். பழத்தைக் கழுவி, பிரித்து, பெட்டி கட்டும் கொட்டகைக்குள் இருந்த பெண்கள் அந்தப் படத்தில் இல்லை என்று காட்டினார். அவர்களுடைய கைகள்தான் நாள் முழுதும் அந்தக் கரைசலில் இருந்தன. பெனோமிலைத் தயாரித்த டூபாண்ட் நிறுவனத்தின் மீது ஃப்ளோரிடாவில் ஒரு தாய் வழக்குத் தொடுத்தார். கர்ப்பமாயிருந்தபோது பக்கத்துப் பண்ணையிலிருந்து தெறித்த மருந்தால் தன் குழந்தை கண்களின்றிப் பிறந்ததாகச் சொன்னார். 1996-ல் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் மறுத்தது, மேல்முறையீடு செய்தது. 2003-ல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே மீண்டும் நிலைநிறுத்தியது. அதற்கு முன்பே, 2001-ல், பெனோமில் உற்பத்தியை நிறுத்துவதாக டூபாண்ட் அறிவித்திருந்தது.

களனி ஆய்வுகள் இந்தக் காலத்தில் வந்தவை. 2002-ல் 'லெட்டர்ஸ் இன் அப்ளைடு மைக்ரோபயாலஜி' இதழில் ரணசிங்க, ஜெயவர்தன, அபேவிக்ரம ஆகியோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாழையை அழுகச் செய்யும் மூன்று பூசணங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மீது கறுவாத் தைலத்தையும் கிராம்புத் தைலத்தையும் சோதித்தார்கள். நாம் பட்டை என்பதைத்தான் இலங்கையில் கறுவா என்பார்கள். 0.03 முதல் 0.11 சதவீதம் என்ற மிகச் சிறிய அளவிலேயே தைலங்கள் பூசணத்தை அடக்கின, கொல்லவும் செய்தன. அடுத்த ஆண்டு அந்தோனி, அபேவிக்ரம, வில்சன் விஜேரத்னம் மூவரும் எலுமிச்சைப்புல், சிட்ரனெல்லாப்புல், திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றின் தைலங்களைப் பழத்தின் மீதே தெளித்துப் பார்த்தார்கள். திருநீற்றுப்பச்சிலைத் தைலம் 0.16 சதவீதம் கலந்த நீரைத் தெளித்த சீப்புகள் 13.5 டிகிரிக் குளிரில் 21 நாள் நின்றன. சுவை கெடவில்லை.

அவர்கள் எடுத்துக்கொண்ட வாழை 'எம்புல்'. பெயர்தான் வேறு. அது நம் பூவன். திருநெல்வேலிப் பெட்டிக்கடையில் தாராகத் தொங்குமே, அதே மைசூர்க் குழுவைச் சேர்ந்த வாழை. புல்லும் நம் மலையில் வளரும் இனம். பழமும் நம் கடையில் தொங்கும் இனம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறிவியல் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்கள் முதலெழுத்தோடு அச்சாகும். 'கே. அபேவிக்ரம', 'எஸ். வில்சன் விஜேரத்னம்' என்று படிக்கும்போது நம் மனம் தானாக ஓர் ஆணை அங்கே உட்கார வைக்கிறது. அவர் களனிப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கிருஷாந்தி அபேவிக்ரம. இவர் கொழும்புத் தொழில்நுட்ப நிறுவனத்தில் அறுவடைக்குப் பிந்திய துறையில் பணியாற்றிய சாந்தி வில்சன் விஜேரத்னம். பழத்தைக் காக்கும் தைல ஆய்வில் தெற்காசியாவின் முன்னோடிகளில் இந்தப் பெண்கள் இருக்கிறார்கள். பின்கட்டுப் பெண்ணுக்குப் பெயரே இல்லாமல் போனது. ஆய்வுக்கூடப் பெண்ணுக்குப் பெயர் இருந்தும் முதலெழுத்துக்குள் மறைந்துபோகிறது.

தைலம் எப்படி வேலை செய்கிறது? கிராம்பிலும் கறுவா இலையிலும் யூஜினால், கறுவாப் பட்டையில் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், ஓமத்தில் தைமால் என்று ஒவ்வொன்றிலும் ஒரு முக்கியச் சரக்கு உண்டு. இவை நீரை விடக் கொழுப்பில் எளிதாகக் கலப்பவை. பூசணத்தின் செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு. தைலம் அதற்குள் நுழைந்து ஓட்டை போடுகிறது. உள்ளே இருப்பது ஒழுகி, பூசணம் சாகிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்து வைத்த ஆயுதம்தான் இது; நாம் இரவல் வாங்குகிறோம். இரவலுக்கு நிபந்தனைகளும் உண்டு. அளவு கூடினால் பழத்தின் தோலையே தைலம் சுட்டுவிடும். ஆவியாகிப் பறந்துவிடும் பொருள் என்பதால் விளைவு நீடிக்காது. கிராம்பு மணக்கும் மாம்பழத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரே செடியின் தைலம் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால் போன மாதக் கணக்கு இந்த மாதம் செல்லாமல் போகலாம். பெரிய நிறுவனங்கள் செயற்கை மருந்தை விட்டு இதற்குத் தாவாததற்கு இவையெல்லாம் காரணம். பழத்தோலில் தடவும் உண்ணத்தக்க மெழுகுப் பூச்சுக்குள் தைலத்தை அடக்கி, மெல்ல மெல்ல வெளியேற வைக்கும் ஆய்வுகள் இப்போது உலகமெங்கும் நடக்கின்றன.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய முயற்சி, தைலத்துக்குப் பதிலாக ஹெக்ஸனாலைக் கொண்டு நடந்தது. பச்சைப் புல்லை அறுத்தால் ஒரு வாசம் எழுமே, அதைத் தரும் பொருட்களில் அதுவும் ஒன்று. பழத்தின் செல்சவ்வைக் கரைக்கும் ஒரு நொதியை ஹெக்ஸனால் தடுக்கிறது என்பதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கோபிநாதன் பாலியத் குழுவினர் கண்டறிந்தார்கள். 2012 முதல் அந்தப் பல்கலைக்கழகமும், கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கொழும்புத் தொழில்நுட்ப நிறுவனமும் கனடா அரசின் நிதியில் சேர்ந்து வேலை செய்தன. அறுவடைக்கு முன்பே மாமரத்தில் தெளித்தார்கள். காய் மரத்தில் கூடுதல் நாள் நின்றது, பறித்த பின்னும் தாங்கியது. விலை ஏறும்வரை மரத்திலேயே விட்டுவைக்கலாம் என்பது தோப்பு உரிமையாளருக்குப் பெரிய வசதி. மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டாகத் தலையில் சுமந்து வரும் பெண்களுக்கு அந்த வாசம் அன்றாடம் பழகியது. அவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு மாமரம்கூட இல்லை.

அந்தக் கூடுதல் நாட்கள் யாருக்குச் சேரும்? இதற்கு ஆய்வுக் கட்டுரைகளில் அட்டவணை கிடையாது. நான் விடை தேடிப் போனது ஆற்றுச் சமவெளிக்கு வடக்கே, மலையடிவாரத்துப் புளியங்குடிக்கு. 2019-ல் தென்காசி மாவட்டம் பிரியும்வரை அதுவும் திருநெல்வேலிச் சீமைதான். எலுமிச்சையால் பெயர் பெற்ற ஊர். கேரளத்துக்கு மூட்டை மூட்டையாகப் பழம் போகும். வெயில் காலத்தில் விலை உச்சத்துக்கு ஏறும். மழைக் காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சரியும்.

தோப்பில் உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்குவதும், மண்டியில் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். எலுமிச்சைத் தோலுக்குள்ளேயே தைலப் பைகள் உண்டு. பனி ஈரத்தோடு விறைத்திருக்கும் நேரத்தில் பழத்தை அழுத்தினால் அந்தப் பைகள் உடைந்து, தன் தைலமே தன் தோலைச் சுட்டுக் கறையாக்கும். பனி உலர்ந்த பிறகு பறிப்பது நல்லது. ஆனால் வீட்டில் சோறு பொங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவள் விடியலுக்கு முன்பே தோப்புக்குப் போய்த் திரும்புகிறாள். பழத்தின் நேரமும் அவளுடைய நேரமும் ஒத்துப்போவதில்லை. இந்தக் கறைக்கு எந்தத் தைலமும் மருந்தில்லை. அடுப்படியை யாராவது பங்குபோட்டுக்கொண்டால் ஒருவேளை சரியாகலாம்.

மண்டியில் அழுகல் பிரித்துக்கொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பல் பச்சையாகப் பூசணம் படர்ந்த பழத்தை அவர் பார்ப்பதே இல்லை. கை தொட்டதும் தனியே எறிகிறது. கண் அடுத்த பழத்தில் இருக்கிறது. "பழம் இன்னும் நாலு நாள் அழுகாம இருந்தா நல்லதுதானே, அக்கா?" என்று கேட்டேன்.

"யாருக்கு?" என்றார். "அழுகினது பொறுக்கத்தானே தாயி என்னைக் கூப்பிடுதாவ. எல்லாப் பழமும் நல்லாக் கெடந்தா எனக்கு என்ன சோலி இருக்கு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அறுவடைக்குப் பிந்திய இழப்பு என்று நாம் புள்ளிவிவரமாகப் படிப்பதில் ஒரு பகுதி, ஒருத்திக்கு அன்றைய கூலி. பழத்தைக் காக்கும் தொழில்நுட்பம் அவளுடைய வேலையைக் குறைக்கும். அந்த வேலையை இழப்பவளுக்குத் தைலம் வடிக்கும் இடத்திலோ தெளிக்கும் இடத்திலோ ஓர் இடம் தரப்பட வேண்டும் என்று திட்டம் தீட்டுபவர்கள் யோசித்ததாக எனக்குத் தெரியவரவில்லை.

பாளையங்கோட்டையில் தரையில் சாக்கு விரித்துப் பழம் விற்கும் ஒருவரிடம் அதே கேள்விக்கு வேறு பதில் கிடைத்தது. "பொழுது சாஞ்சா பழந்தான் எனக்கு மொதலாளி. அது சொல்லுத வெலைதான் வெலை." காலையில் 900 ரூபாய் கையில் வாங்கி, மாலையில் 1,000 ரூபாயாகக் கட்டும் கடனில் அவர் கடை ஓடுகிறது. கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. வட்டிக்காரர் அவருக்கு முன்பே வந்துவிடுகிறார். விற்காத பழம் மறுநாள் பாதி விலை. வட்டிக்கு அந்தக் கழிவு கிடையாது. மண்டி முதலாளிக்கு நான்கு நாள் கூடினால் லாபம் கூடும். இவருக்கு ஒரே ஒரு நாள் கூடினாலும், இருட்டுகிற நேரத்தில் விலையைத் தானே சொல்ல முடியும்.

களனிக் கணக்கை இவர் பக்கத்திலிருந்து மறுபடி போட்டுப் பார்க்கிறேன். 0.16 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் நீருக்கு 1.6 மில்லி தைலம். நீரோடு கலக்க வைக்க ஏதாவது ஒரு குழைமம் வேண்டும். ஒரு தெளிப்பான் புட்டி. இதுவரை எதுவும் இவருக்கு எட்டாததில்லை. திருநீற்றுப்பச்சிலை வேலியோரம் வளரும். வடிக்கும் கலம் ஒன்றைப் பத்துப் பேர் சேர்ந்து வைத்துக்கொள்ள முடியும். எட்டாதது அந்த 13.5 டிகிரிக் குளிர். இவருடைய குளிர்பதனக் கிடங்கு ஒரு நனைந்த சணல் சாக்கு. அந்தச் சாக்கில், சித்திரை வெயிலில், தைலம் தெளித்த பூவன் சீப்பு எத்தனை நாள் நிற்கும்? அதைச் சோதிக்க வேண்டிய களம் பாளையங்கோட்டைச் சந்தையின் நடைபாதை. சீப்பின் காம்பு என்றைக்குக் கறுக்கத் தொடங்கியது என்று குறித்து வைக்க வேண்டியவர், தினமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் இவர்தான். கட்டுரை அச்சாகும்போது முதலெழுத்தை விரித்து முழுப் பெயராகப் போடச் சொல்ல வேண்டும்.